வாழவந்தி மலைச் சபை

சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாகச் சேலம் போகும் ரயில்கள் எல்லாம் அம்பத்தூரையும் ஆவடியையும் தாண்டித்தான் போகின்றன. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டு ஆற்காட்டுப் பக்கம் ஓடியதும் இந்தத் தடத்தில்தான். அப்போது இருபுறமும் ஏரிகளும் நெல்வயல்களுமாக இருந்தது. பின்னால் அம்பத்தூருக்குத் தொழிற்பேட்டை வந்தது, ஆவடிக்கு டாங்க் தொழிற்சாலை வந்தது, அவற்றோடு நெல்லையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சாமியையும் கூட்டிவந்தார்கள். கிறிஸ்தவர்கள் தங்கள் சபையைக் கொண்டுவந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் நடந்துபோகிறவர் காதில் நாலைந்து ஆராதனைப் பாட்டுகளாவது அடுத்தடுத்து விழும். சி.எஸ்.ஐ. கோயில் மணி ஒரு பக்கம், பெந்தெகொஸ்தே சபையின் கீபோர்டு ஒரு பக்கம். நடுவில், மாடிக் கூடத்திலோ வாடகைக் கட்டடத்திலோ ஒரு பாப்டிஸ்ட் சபையும் இருக்கலாம். இந்தப் புறநகர்ச் சபைகளில் பலவற்றுக்கு வயது தொழிற்சாலைகளின் வயதுதான். வேர் எங்கே என்று தேடிப் போனால், பெரும்பாலும் ஒரு கிராமத்தில் போய் நிற்கவேண்டும். அப்படி ஒரு வேரைத் தேடி மேற்கே போகிறவருக்கு இந்த ரயில் பாதையைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. அந்த வழி கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் கொல்லிமலை, அதில் வாழவந்தி என்ற பகுதி.

பாப்டிஸ்ட் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இவர்கள் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வயது வந்து, தன் விசுவாசத்தைச் சபை முன்னால் தன் வாயால் அறிக்கையிட்டவரைத்தான் தண்ணீரில் முழுக்காட்டுவார்கள். இவர்களுக்குப் பிஷப் இல்லை. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். போதகரை அழைப்பதும் கணக்குப் பார்ப்பதும் சபையாரே. இந்தத் தன்னாட்சியில் ஓர் அழகும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. பேராயம் உள்ள சபையின் பழைய காகிதங்களுக்குப் பேராய அலுவலகத்தில் ஓர் அலமாரி இருக்கும். மலைமேல் இருக்கும் சிறிய பாப்டிஸ்ட் சபைக்கு அப்படி ஓர் அலமாரி எங்கும் இல்லை. அதன் வரலாறு அந்த ஊர்க்காரர்களின் நினைவில் இருந்தால் உண்டு, மறந்தால் போயிற்று.

இந்தியாவுக்கு வந்த பாப்டிஸ்ட் மிஷனரிகளில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் வில்லியம் கேரி. 1793-இல் வங்காளத்துக்கு வந்து, பின்பு செராம்பூரில் அச்சுக்கூடமும் கல்லூரியும் கண்டவர். தமிழ்நாட்டில் இந்தக் கட்டுரைக்குரிய சபையை நட்டவர்கள் வேறு கிளையினர். இங்கிலாந்து பாப்டிஸ்டுகளுக்குள், திருவிருந்தில் யார் யார் பங்கெடுக்கலாம் என்று ஒரு நெடுநாள் வழக்கு இருந்தது. முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டுமே திருவிருந்து என்று கண்டிப்பாக நின்றவர்கள் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்டுகள். அவர்கள் 1861-இல் தொடங்கியது ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன். மெட்ராஸிலும் நெல்லைப் பக்கத்திலும் சேலம் ஜில்லாவிலும் அது வேலை செய்தது. 1980-இல் கிரேஸ் பாப்டிஸ்ட் மிஷன் என்று பெயர் மாறியது. பெரிய மிஷன்களோடு ஒப்பிட்டால் பணமும் ஆளும் குறைந்த அமைப்பு. ஆனாலும் அது அனுப்பிய ஒரு தம்பதியின் கதை உலகம் முழுக்கப் போயிருக்கிறது.

சாலை வழியாகப் போகிறவர்கள் பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடிக்கிறார்கள். திருப்பெரும்புதூர் தாண்டியதும் காஞ்சிபுரத்துக்குத் திரும்பும் பாதை வருகிறது. இங்கே சற்று நின்று ஒரு கதையை நினைத்துக்கொள்ளவேண்டும். கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் மலையாளிகள், அவர்கள் பேசுவது தமிழ்) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றுதான் சொல்கிறார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர் காஞ்சியை விட்டுப் புறப்பட்டு, சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொன்றாகக் குடியேறினார்கள் என்பது அந்தக் கதை. ஆக, மெட்ராஸிலிருந்து மலைக்குப் போன மிஷனரிகள் நடந்தது ஏற்கெனவே நடந்து பழகிய தடம். மலைக்காரர்களின் பாட்டன் பூட்டன் நினைவிலேயே அந்தத் தடம் இருந்தது.

ரயிலில் போகிறவர்கள் காட்பாடியில் இறங்கினால் கரிகிரி பக்கம்தான். அங்கே 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை இருக்கிறது. அதன் வரலாற்றோடு பிரிக்கமுடியாத பெயர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, வேலை செய்யும் வேறு தசைநாரை மாற்றிப் பொருத்தி, மறுபடியும் பிடிமானம் கொடுத்த அறுவை மருத்துவர். வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்த புதிதில் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, நோயாளி ஒருவர் மடங்கிய விரல்களால் அவர் கையைப் பற்றினார். அந்தப் பிடியின் வலுவில், தசை முழுவதும் செத்துவிடவில்லை என்று பிராண்டுக்குப் பட்டது. 1948 முதல் வேலூரில் நடந்த அறுவை சிகிச்சைகள் அதன் தொடர்ச்சி. கைகால் விரல்கள் தேய்ந்து போவதற்குக் காரணம் சதை அழுகுவது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. வலி தெரியாததால் நோயாளி தன்னையறியாமல் காயப்படுத்திக்கொள்வதே காரணம் என்று நிறுவியவர்களில் அவர் முதன்மையானவர்.

அந்தப் பால் பிராண்ட் பிறந்தது 1914-இல், வளர்ந்தது கொல்லிமலையில். அவர் அப்பா அம்மாதான் வாழவந்தி சபையை நட்டவர்கள்.

அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் கட்டட வேலை தெரிந்தவர். லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்பமண்டல நோய்களுக்கான அடிப்படை மருத்துவம் மட்டும் படித்திருந்தார். டாக்டர் பட்டம் கிடையாது. 1907-இல் இந்தியா வந்து, சேலம் ஜில்லாவின் சேந்தமங்கலத்தில் தங்கினார். இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை சுவராக எழுந்து நிற்கும். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களை அவர் சேந்தமங்கலத்தில் பார்த்தார். அவர்களுக்கு மருத்துவம் பார்க்க மேலே ஒருவரும் இல்லை என்பதும் தெரிந்தது. கீழே இருப்பவர்கள் யாரும் மேலே போய்த் தங்கமாட்டார்கள், காரணம் காய்ச்சல். மலையில் ஓர் இரவு தங்கினாலே மலேரியா என்று சமவெளியில் பயம் இருந்தது. அந்தப் பயம் பொய்யுமில்லை.

அம்மா ஈவ்லின் ஹாரிஸ், லண்டனில் வசதியான வீட்டுப் பெண், ஓவியம் கற்றவர். மிஷன் வேலைக்காக முதலில் மெட்ராஸுக்கு வந்தார். 1913-இல் ஜெஸ்ஸிக்கும் ஈவ்லினுக்கும் திருமணம் நடந்தது, உடனே மலைக்குக் குடிபோனார்கள். அப்போது சாலை இல்லை. செங்குத்தான காட்டுப் பாதையில் நடந்தோ டோலியிலோதான் ஏறவேண்டும். ஜெஸ்ஸி மரப்பலகைகளைக் கீழே இருந்து தலைச்சுமையாக மேலே கொண்டுபோகச் செய்து வீடு கட்டியிருந்தார். தூண்களின்மேல் நின்ற வீடு. கரையான் ஏறாதபடி ஒவ்வொரு தூண் தலையிலும் கவிழ்த்த வாணலிபோல் ஒரு தகரத்தட்டு. பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற மகன் அந்த வாணலிகளை மறக்கவேயில்லை. தன் புத்தகங்களில் எழுதியிருக்கிறார். பலகையும் டோலியும் சுமந்தவர்களின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது.

இன்று கொல்லிமலைக்குப் போகிறவர்கள் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வந்து, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. வயிற்றைப் புரட்டும் பாதைதான்; வளைவு எண் கூடக்கூடக் காற்று குளிர்ந்து, மிளகுக்கொடி ஏறிய மரங்களும் காப்பிச் செடிகளும் தென்படத் தொடங்கும். சோளக்காட்டில் சந்தை. பலாப்பழமும் அன்னாசியும் மலைவாழையும் குவிந்து கிடக்கும். அப்பால் செம்மேடு, அங்கே வல்வில் ஓரிக்குச் சிலை. சங்கப் புலவர்கள் பாடிய ஓரி ஆண்ட மலை இது. ஆடி மாதம் அவன் பெயரில் அரசு விழா நடக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் வருகிற கூட்டம் பெரிது. மலை முழுவதும் நாடுகளாகப் பிரிந்திருக்கிறது: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்று. அவற்றில் ஒன்று வாழவந்தி நாடு. சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை.

பிராண்ட் குடும்பம் வாழவந்தியில் குடியேறியதும் ஊர் கூடி வரவேற்றது என்று யாரும் எழுதவில்லை. மருந்துக்கு வந்தார்கள். பல் பிடுங்கிக்கொள்ள வந்தார்கள். நரம்புச் சிலந்தியைச் சுற்றி எடுக்க வந்தார்கள்.

நரம்புச் சிலந்தியைப் பற்றி விவரமாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இன்றைய தலைமுறைக்கு அந்தப் பெயரே தெரியாது. படிக்கட்டுக் கிணறுகளில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று குடம் முகந்த காலம். தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சியோடு புழுவின் குஞ்சும் வயிற்றுக்குள் போகும். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, இரண்டு மூன்று அடி நீளப் புழுவாக வளர்ந்து, காலில் கொப்புளம் போட்டு வெளியே தலைநீட்டும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால், புழு தன் குஞ்சுகளை அதே கிணற்றில் விடும். சுழற்சி முடிவதே இல்லை. புழுவை இழுத்து அறுத்துவிட்டால் உள்ளே சீழ் கட்டும். ஒரு குச்சியில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித்தான் எடுக்கவேண்டும். ஜெஸ்ஸி சுற்றி எடுத்தார், சிறுவன் பால் பக்கத்தில் நின்று பார்த்தான். கிணற்றில் கால் படாமல் முகக்கவும் தண்ணீரைத் துணியில் வடிகட்டவும் ஜெஸ்ஸி சொல்லிக்கொடுத்தார். கணவர் இறந்த பின்பும் ஈவ்லின் ஊர் ஊராகப் போய் அதையே சொன்னார். இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000-இல்.

இத்தனை செய்தும் சபை பிறக்கவில்லை. மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். முழுக்கு எடுக்க யாரும் வரவில்லை. மலைக் கோயில் பூசாரி ஒருவர் இவர்களைக் கடுமையாக எதிர்த்தார், அவருக்கு ஊர் பயந்தது என்று பிராண்ட் குடும்ப வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. இந்த இடத்தில் அந்தப் பூசாரியையும் நியாயமாகப் பார்க்கவேண்டும். பட்டக்காரர், ஊர்க் கவுண்டர், பூசாரி என்று கட்டுக்கோப்பாக இருந்த நாட்டில், ஒரு குடும்பம் விலகிப் போனால் திருவிழா, கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் விரிசல் விழும். அதைக் காப்பது தன் கடமை என்று அவர் நினைத்திருக்கலாம்.

பிறகு வந்தது 1918-19-இன் விஷக்காய்ச்சல். இன்ஃப்ளூயன்சா என்று உலகத்தையே உலுக்கிய கொள்ளைநோய். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலையில் வீடு வீடாகப் படுத்தார்கள். தண்ணீர் மொண்டு கொடுக்க ஆளில்லாமல் செத்தவர்களும் பலர். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் பானை பானையாக அரிசிக் கஞ்சி காய்ச்சி, குடிசை குடிசையாகக் கொண்டுபோய் ஊட்டினார்கள். பூசாரி வீட்டுக்கும் கஞ்சி போனது. பூசாரியும் மனைவியும் பிழைக்கவில்லை. உயிர் பிரியும் முன் அவர் ஜெஸ்ஸியை அழைத்து, தன் மகனையும் கைக்குழந்தையான மகளையும் அவரிடம் ஒப்படைத்தார்.

மலை முழுக்கப் பேச்சு பரவியது. எதிர்த்து நின்ற ஆள் தன் பிள்ளைகளை நம்பி யாரிடம் விட்டுப்போனான் என்பதுதான் பேச்சு. கொல்லிமலையில் பாப்டிஸ்ட் சபை கூடியது இதற்குப் பிறகு. சில குடும்பங்கள் முழுக்கு எடுத்தன. பெற்றோர் இல்லாத பிள்ளைகள் மேலும் வந்தார்கள், அவர்களுக்கு வீடு எழும்பியது. பள்ளிக்கூடம் வந்தது. பிரசங்கம் செய்ய முடியாததைக் கஞ்சி செய்தது என்று சொன்னால் ஜெஸ்ஸி மறுத்திருக்கமாட்டார். அவருக்குத் தச்சு வேலையும் தோட்ட வேலையும் மருந்தும் வேதமும் ஒரே ஊழியத்தின் கூறுகள். பழமரக் கன்றுகள் கொண்டுவந்தார், கைத்தொழில் கற்றுக்கொடுத்தார், கடன்காரர்களிடம் மாட்டிக்கொண்ட மலைக்காரர்களுக்காகப் பேசினார்.

பால் பிராண்டின் சிறுவயது நினைவுகளில் இன்னொன்றும் உண்டு. ஒருநாள் முன்பின் தெரியாத மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் கால்களைக் கழுவிக் களிம்பு தடவிக் கட்டுப் போட்டார். அம்மா ஒரு கூடையில் பழம் வைத்துக் கொடுத்தார். அவர்கள் இருந்த இடத்துக்குப் போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளை. வந்தவர்கள் தொழுநோயாளிகள். மற்ற எந்த நோய்க்கும் அஞ்சாத அப்பா அன்று விலகி நின்றதை மகன் கவனித்தான். கரிகிரிக்கும் செங்கல்பட்டுக்கும் அவரை இழுத்துக்கொண்டு போன நூல் அந்த முற்றத்தில் தொடங்குகிறது.

1923-இல் பாலும் தங்கை கானியும் படிப்புக்காக இங்கிலாந்து போனார்கள். பால் அப்பாவைத் திரும்பப் பார்க்கவே இல்லை. 1929 ஜூன் 15 அன்று, மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். வயது 44. மலையிலேயே அடக்கம் செய்தார்கள். மலேரியாவைக் கட்டுப்படுத்தத் தேசியத் திட்டம் வந்தது 1953-இல்தான்.

ஈவ்லின் இங்கிலாந்து போய் அங்கேயே தங்கிவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் திரும்பி வந்தார். மிஷன் அவரைச் சமவெளி வேலைக்கும் அனுப்பியது. 68 வயதை நெருங்கியபோது, ஓய்வு பெறச் சொன்னார்கள். கடைசியாக ஒரு வருஷம் கொல்லிமலையில் இருக்க அனுமதி கேட்டு வாங்கினார். வருஷம் முடிந்ததும் வழியனுப்ப வந்தவர்களிடம், மிஷனிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், மலையிலிருந்து பெறவில்லை என்ற பொருளில் சொல்லிவிட்டு, சிறு குடிசை ஒன்றில் தங்கிவிட்டார். சம்பளம் இல்லை, மேலிடம் இல்லை. குதிரையில் ஏறிக் கல்ராயன் உள்ளிட்ட அடுத்தடுத்த மலைகளுக்கும் போனார். குதிரையிலிருந்து விழுந்தார், எலும்பு முறிந்தது, பலமுறை காய்ச்சலில் படுத்தார். கடைசிக் காலத்தில் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். ஏறக்குறைய இருபது வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். ஓவியக்காரியாக வந்தவர், முகத்துச் சுருக்கத்தைப் பார்த்து வயதை எண்ணிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. 1974 டிசம்பர் 18 அன்று, 95 வயதில் இறந்தார். மலைக்குக் கொண்டுவந்து ஜெஸ்ஸியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். டோரதி கிளார்க் வில்சன் எழுதிய அவர் வாழ்க்கை வரலாறு 1976-இல் வெளிவந்தது.

ஒரு பயணியாக வாழவந்திக்குப் போகிறவர் பார்க்கப்போவது பெரிய கோபுரமோ வண்ணக் கண்ணாடியோ இல்லை. மலைக்காற்று, மரவள்ளிக் காடு, சிறிய சபை, கல்லறை. கொல்லிமலையில் இன்று சுமார் 40 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர், தங்கள் குலதெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள். பாப்டிஸ்டுகள் அவர்களுக்கு நடுவே ஒரு சிறு கூட்டம்தான். இந்தச் சிறுமையைக் குறையாக நினைக்கவேண்டியதில்லை. எண்ணிக்கையை வைத்து அளந்தால் இந்தச் சபையின் வரலாற்றை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். நரம்புச் சிலந்தி போன கிணறுகளையும் விஷக்காய்ச்சலில் பிழைத்த வீடுகளையும் படித்துக் கீழே இறங்கிய பிள்ளைகளையும் சேர்த்தால்தான் கணக்கு ஒழுங்காகும்.

அந்தக் கணக்கில் பாதி இன்னும் எழுதப்படவில்லை. இதுவரை வந்த முக்கியமான நூல்கள் ஆங்கிலத்தில், பிராண்ட் குடும்பத்தின் கண்வழியாக, அவர்கள் கடிதங்களை வைத்து எழுதப்பட்டவை. நல்ல நூல்கள்தான். ஆனால் முதல் முழுக்கு எடுத்த குடும்பத்தை ஊர் எப்படி நடத்தியது, அந்தக் குடும்பத்துப் பெண்கள் என்ன சொன்னார்கள், பிரசங்கத்தைப் பக்கத்தில் நின்று மலைப் பேச்சுக்கு ஏற்றபடி விளக்கியவர்கள் யார், டோலி சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு அந்த நூல்களில் விடை குறைவு. அந்தச் செய்திகள் மலையில் எண்பது, தொண்ணூறு வயதைத் தொட்டவர்களிடம் இருக்கின்றன. ஈவ்லினோடு பேசிப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1974 அவ்வளவு தூரத்துக் காலம் இல்லை.

கிராமத்துச் சபை ஒவ்வொன்றிலும் தகரப் பெட்டியில் ஒரு முழுக்குப் பதிவேடும் கல்யாணப் பதிவேடும் கூட்டக் குறிப்புப் புத்தகமும் கிடக்கும். பூச்சி அரித்துவிட்டால் இன்னொரு படி எங்கும் கிடையாது. இன்று கையிலிருக்கும் போனே அவற்றைப் படம் எடுக்கப் போதும். அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வேலைக்காக வந்து குடியேறி, சேந்தமங்கலத்தையோ கொல்லிமலையையோ நெல்லைக் கிராமம் ஒன்றையோ சொந்த ஊர் என்று சொல்லும் பாப்டிஸ்ட் குடும்பத்தார் அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது, சபை மூப்பரிடம் கேட்டு அந்தப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் பேசுவதைப் பதிவு செய்துகொள்ளுங்கள், தமிழிலேயே எழுதிவையுங்கள்.